டைனமோவில கேட்ட கிற்றார்

லரி கார்ல்டன் எண்ட அமெரிக்கக் கிற்றார்காரரின்ர பேரை நான் முதல் முதலாக் கண்டது ஒரு ரீடீகே 90 கசற் மட்டையில, சித்தப்பாவின்ர கையெழுத்தில, நீலப் பேனையால எழுதி இருந்தது. அதுக்குக் கீழ 1978 எண்டு ஒரு வருசம், அதுக்கும் கீழ வரிசையா வேற பேருகள். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு, 1992ஆம் ஆண்டு, கோண்டாவில்ல எங்கட வீட்டில கறண்ட் இல்லாமப் போய் ரெண்டு வருசம். எனக்குத் தெரிஞ்ச கிற்றார் எண்டா சினிமாப் பாட்டுக்கு நடுவில வாற கிற்றார் தான், அதை ஆர் வாசிக்கினம் எண்டு கேக்கிற பழக்கமே எங்களிட்ட இருக்கேல்லை. பாடினது ஆர் எண்டு தெரியும், இசை ஆர் எண்டு தெரியும், படத்தில ஆர் நடிச்சது எண்டும் தெரியும், எங்களுக்கு அவ்வளவும் காணும்.

சித்தப்பா கப்பல்ல வேலை செய்தவர். கப்பலுக்குப் போறதுக்கு முந்தி இஞ்ச கோயில் திருவிழா இசைக்குழுக்களுக்குக் கிற்றார் வாசிச்சுக்கொண்டு திரிஞ்சவர், ஒரு குழு எண்டு இல்லை, ஆர் கூப்பிட்டாலும் போவார், பின்னேரம் வந்து பாட்டு லிஸ்ற்றை ஒருக்காப் பாத்திட்டு இரவு மேடையில ஏறிடுவார். 1989ல கப்பலை விட்டிட்டு ஊருக்கு வந்தவர், வந்து கொஞ்ச நாளில சண்டை துவங்கிப் பாதையும் பூட்டுப்பட்டுப் போச்சு, பேந்து போகேல்லை. அவர் கொண்டந்த சாமானில எனக்கு ஞாபகம் நிக்கிறது மூண்டு: ஜப்பான்ல வாங்கின ஒரு யமஹா கிற்றார், ஒரு நஷனல் கசற் பிளேயர், ஒரு பிஸ்கற் பெட்டி நிறையக் கசற். கசற் ஒண்டும் கடையில வாங்கினது இல்லை, கூட வேலை செய்த ஆக்களிட்ட இசைத்தட்டு இருந்தா அதில இருந்து அடிச்சது. ஆனா அடிக்கேக்க இசைத்தட்டு மட்டையின்ர பின்பக்கத்தில இருக்கிற பேரெல்லாத்தையும் ஒண்டு விடாமப் பாத்துத் தமிழில எழுதி வைச்சிருந்தார். ட்ரம்ஸ் ஜெஃப் போர்காரோ. பேஸ் ஏபிரஹாம் லபோரியல். கீபோட் கிரெக் மத்தீசன். பெர்கஷன் பவுலீனியோ டா கொஸ்டா.

"ஏன் சித்தப்பா இவ்வளவு பேரையும் எழுதினீங்கள், கிற்றார்காரற்ற அல்பம் தானே?" எண்டு நான் கேட்டனான். அவர் சொன்ன பதில் இப்பவும் அப்பிடியே காதில நிக்குது. "தம்பி, இந்தாள் பத்து வருசம் மற்ற ஆக்களின்ர பாட்டுக்கு வாசிச்சுக் குடுத்த மனிசன். இதில வாசிச்ச மற்ற நாலு பேரும் அதே வேலை தான். பேரை விட்டா ஆரெண்டே தெரியாமப் போயிடும்."

எனக்கு அது அப்ப முழுசா விளங்கேல்லை.

டைனமோக் கதையை அந்தக் காலத்தில இஞ்ச இருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனா பிறகு பிறந்த பிள்ளையளுக்குத் தெரியாது எண்டதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். 1990 நடுப்பகுதியில யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நிண்டது. பெற்றறி தடைசெய்த சாமான், மண்ணெண்ணெய் விலை சொல்ல ஏலாது, ஜாம் போத்தல் விளக்கில தான் படிப்பு. அப்ப ரேடியோ, கசற் பிளேயர் எல்லாத்துக்கும் சைக்கிள் டைனமோ தான் கதி. சைக்கிளை டபிள் ஸ்ராண்டில விட்டா பின்சில்லு நிலத்தில முட்டாமச் சுத்தும், டைனமோ ரயரில உரஞ்சி ஓடும், அதில வாறது 6 வோல்ற், நாலு பெரிய பெற்றறி போடுற கசற் பிளேயருக்கும் அதே 6 வோல்ற். ஆனா டைனமோ தாறது ஏசி, பிளேயருக்கு வேணும் டிசி. அதுக்கு நாலு டயோட்டை ஒட்டி, இரைச்சல் குறையிறதுக்கு ஒரு கப்பாசிற்றரும் போடுறது, பழுதாப்போன ரேடியோவில இருந்து கழட்டின சாமான் தான் எல்லாம். ஊரில அந்த நேரம் ஓஎல் படிக்கிற பெடியளுக்கெல்லாம் இது தெரியும்.

சித்தப்பா ஒரு விசயம் கூடுதலாச் செய்திருந்தார். சைக்கிளின்ர முன் லைற்றைக் கழட்டாம வயரில அப்பிடியே விட்டிருந்தார். பல்ப் ஒண்டு இழுத்துக்கொண்டு இருந்தா வோல்ற் கண்டபடி ஏறாது, செற் எரியாது. எனக்கு அது தான் மீற்றர். பல்ப் சிவந்து மங்கினா நான் களைச்சுப் போனன் எண்டு அர்த்தம், வெள்ளையா எரிஞ்சா கூடிப் போச்சு, நடுவில மஞ்சளா நிக்கவேணும், வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு மஞ்சள். டைனமோச் சத்தம் பாட்டைக் குழப்பும் எண்டு சைக்கிள் முத்தத்தில யன்னலுக்கு வெளியில நிக்கும், வயர் யன்னல் கம்பிக்குள்ளால உள்ள போகும். உள்ள சித்தப்பா கிற்றாரை மடியில வைச்சுக்கொண்டு இருப்பார், நான் வெளியில சீற்றில ஏறி இருந்து மிதிப்பன். மிதி குறைஞ்சா கசற்றின்ர ஓட்டமும் குறையும், சுருதி கீழ இறங்கும், கிற்றார் அழுகிற மாதிரி இழுபடும். யன்னலுக்குள்ளால சத்தம் வரும்: "தம்பி, சீரா மிதி. நீ ஓடினா அவரும் ஓடுவார், நீ களைச்சா அவரும் களைச்சிடுவார்."

அப்பிடி மிதிச்சு மிதிச்சு அந்த அல்பத்தை எத்தினை தரம் கேட்டிருப்பன் எண்டு தெரியாது. கேட்டன் எண்டு சொல்லுறது கூட முழுக்கச் சரியில்லை. எனக்குக் கேட்டது கிற்றார் மட்டும் தான். மற்றதெல்லாத்தையும் என்ர காலுக்குக் கீழ இருந்த டைனமோவின்ர கொர் எண்ட சத்தம் திண்டிட்டுது.

கார்ல்டனைப் பற்றி இப்ப எனக்குத் தெரிஞ்சதை இந்த இடத்தில சொல்லவேணும். 1948ல கலிபோர்னியாவில பிறந்தவர். எழுபதுகளில லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்ரூடியோக்களில ஆகக் கூடக் கூப்பிடுற கிற்றார்காரரில ஒராள், ஒரு வருசத்தில 500 செஷன் வரைக்கும், அதாவது மற்ற ஆக்களின்ர பாட்டுப் பதிவுக்குப் போய், வாசிச்சவர் எண்டு சொல்லுவினம். 500 எண்டா ஒரு நாளைக்கு ஒண்டுக்கு மேல. காலமை ஒரு பாட்டுக்காரியின்ர அல்பம், மத்தியானம் ஒரு விளம்பரம், பின்னேரம் ஒரு ரீவி நாடகத்துக்கு. ஜோனி மிச்சலின்ர 1974 அல்பத்தில அவர் இருக்கிறார், மைக்கேல் ஜாக்சனின்ர 1979 அல்பத்தில இருக்கிறார், குருசேடர்ஸ் குழுவில சில வருசம் இருந்தவர். ஸ்டீலி டான் எண்ட குழுவின்ர 1976 அல்பத்தில ஒரு பாட்டுக்கு அவர் வாசிச்ச சோலோவை இண்டைக்கும் கிற்றார் படிக்கிற பிள்ளையள் உலகம் முழுக்க இருந்து பழகினம்.

அந்த ஸ்டீலி டான் குழுவிட்ட வாசிக்கிறது லேசான வேலை இல்லை. 1977ல அவையின்ர ஒரு பாட்டுக்கு, அதின்ர பேர் பெக், கன பேரைக் கூப்பிட்டு சோலோ வாசிக்க விட்டு, ஒண்டும் பிடிக்காம ஒவ்வொண்டாத் தூக்கிப் போட்டிட்டு, கடைசியா ஜே கிரேடன் எண்டவர் வாசிச்சதைத் தான் வைச்சவை. தூக்கிப் போட்டது எல்லாம் அந்த ஊரின்ர திறமான கை. காசு வாங்கியிருப்பினம், கிற்றாரைப் பெட்டியில வைச்சுப் பூட்டிக்கொண்டு அடுத்த ஸ்ரூடியோவுக்குப் போயிருப்பினம். நான் அதை வாசிச்ச அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை. ஏனெண்டா நானும் இப்ப அந்த வேலை தான் செய்யிறன், லொஸ் ஏஞ்சல்ஸ் இல்லை, திருநெல்வேலியிலயும் நல்லூரிலயும் வீட்டு அறைக்குள்ள இருக்கிற ஸ்ரூடியோக்களில. வாசிச்சது வராமப் போறது எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்.

கார்ல்டன் பேந்து என்ன செய்தவர் எண்டா, அந்தப் பெக் பாட்டின்ர கோட், அதாவது சேத்து ஒலிக்கிற சுரக் கூட்டம், போற போக்கில இருந்து தான் தன்ர பாட்டைத் துவங்கினவர், அதை அவர் ஒளிக்காமச் சொல்லியும் இருக்கிறார். அது தான் 1978 அல்பத்தின்ர முதல் உருப்படி, ரூம் 335. தன்ர வீட்டில கட்டின ஸ்ரூடியோவுக்கும் அவர் வைச்ச பேர் அது தான், கிப்சன் ஈஎஸ் 335 எண்ட கிற்றாரை நினைச்சு வைச்சது. 1958ல வந்த கிற்றார் அது, வெளியில பாத்தா வயலின் மாதிரி ரெண்டு ஓட்டை, உள்ள கோதா இருக்கும் எண்டு நினைப்பம், ஆனா நடுவால ஒரு மரக்கட்டை ஓடும். பக்கம் ரெண்டும் கோது, நடு கட்டி. அதால சத்தம் மென்மையாவும் இருக்கும், கனநேரம் நிண்டு ஒலிக்கவும் செய்யும், அம்ப்ளிஃபயரில சத்தத்தைக் கூட்டினாலும் லேசில கூவாது.

2002 சித்திரையில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தது. அதுக்குப் பிறகு கொழும்பில இருந்து சாமான் வரத் துவங்கி, அடுத்த வருசம் எனக்கு அந்த அல்பத்தின்ர சீடி ஒண்டு கிடைச்சது. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டன். கறண்ட் இருக்கு, டைனமோ இல்லை, காலை அசைக்கத் தேவையில்லை.

முதல்ல வந்தது கிற்றார் இல்லை எண்டு தான் எனக்குப் பட்டது. உண்மையில கிற்றார் வருது தான், ஆனா என்ர காது போனது ட்ரம்ஸுக்கு. போர்காரோவின்ர ஹைஹாட், ட்ரம்ஸில இருக்கிற அந்தச் சோடித் தட்டு, ஆரோ பக்கத்தில இருந்து மெல்லமா அரிசி கொழிக்கிற மாதிரி, ஒரு இடத்திலயும் அவசரப்படாமல். அதுக்குக் கீழ லபோரியலின்ர பேஸ், கிற்றார் ஒரு வசனம் சொல்லி நிப்பாட்டினா அந்த இடைவெளிக்குள்ள ஒரு சின்னப் பதில் சொல்லிப்போட்டுத் தன்ர இடத்துக்குத் திரும்பிப் போகுது. கீபோட் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இவ்வளவு பேரும் அந்தக் கசற்றில இருந்தவை. பத்து வருசமாத் தெரிஞ்ச வீட்டில எனக்குத் தெரியாம நாலு அறை இருந்த மாதிரி. நான் எழும்பிப் போய் சித்தப்பாவின்ர காதில ஹெட்போனைப் போட்டன். அவர் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்திட்டு, "இப்ப கேக்குதோ உனக்கு?" எண்டார்.

இன்னொண்டும் அண்டைக்குத் தான் தெரிஞ்சுது. சித்தப்பா கசற்றோட சேத்து வாசிச்சுப் பழகின சுருதி உண்மையான சுருதியில இருந்து அரைச் சுருதி கீழ. என்ர கால் அவ்வளவு தான் ஓடியிருக்கு. ரெண்டு பேரும் இருந்து தந்திகளை முறுக்கி ஏத்தினம்.

அந்த அல்பத்தில கார்ல்டன் அதிகம் வாசிக்கேல்லை எண்டு சொன்னா கிற்றார் படிக்கிற பெடியள் என்னோட சண்டைக்கு வருவினம், ஆனா நான் அப்பிடித் தான் கேக்கிறன். அவருக்கு வேகம் இருக்கு, காட்டவேண்டிய இடத்தில காட்டுறார், ஆனா கூடுதலான நேரம் ஒரு சுரத்தைப் பிடிச்சு, வளைச்சு, மேல கொண்டுபோய், கீழ விடேக்க ஆறுதலா விடுறார். காலுக்குக் கீழ ஒரு வொலியூம் பெடல் வைச்சிருந்து, தந்தியைத் தட்டின சத்தத்தை மறைச்சிட்டுப் பின்சத்தத்தை மட்டும் மெல்லமாத் திறந்து விடுற ஒரு பழக்கமும் அவருக்கு இருக்கு, அப்ப கிற்றார் தட்டுற வாத்தியமா இல்லாமல் ஊதுற வாத்தியம் மாதிரி வரும். அல்பத்தில ஒண்டு ரெண்டு பாட்டு அவரே பாடியும் இருக்கிறார், அதுகள் எனக்குப் பிடிக்கேல்லை, இப்பவும் தாண்டித் தான் போறனான்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்த விசயத்தை விளங்கப்படுத்த நல்ல வழி மேளம் தான். திருவிழா நோட்டீசில நாதஸ்வரக்காரற்ற பேர் போட்டு, அதுக்குக் கீழ விசேஷ தவில் எண்டு இன்னொரு பேர் போடுவினம், அந்தப் பேருக்காகவே சனம் பக்கத்து ஊரில இருந்தெல்லாம் வரும். இரவு சுவாமி வீதி சுத்தி வந்து ஒரு சந்தியில நிண்டா மேளச் சமா துவங்கும், ரெண்டு மூண்டு மணித்தியாலம் சுவாமி அங்க தான் நிக்கும். 1975ல காலமான தவில் மேதை தட்சணாமூர்த்தியைக் கேட்ட ஆக்கள் எங்கட ஊர்ப் பக்கம் இருந்தவை, என்ர அப்பாவும் ஒராள். அப்பா சொல்லுறது அவர் அடிச்ச வேகத்தை இல்லை. நாதஸ்வரம் ஆலாபனை செய்யேக்க தவிலில கையை வைச்சுக்கொண்டு அடிக்காமல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாராம், அந்த இருப்பைத் தான் அப்பா திருப்பித் திருப்பிச் சொல்லுவார். அந்தச் சமாவைக் கேட்டு வளந்த ஊருக்குக் கார்ல்டனும் போர்காரோவும் புதுசு இல்லை.

கசற்றின்ர மற்றப் பக்கத்தில இருந்தது இளையராஜாவின்ர 1986 வாத்திய இசை அல்பம், ஹவ் டு நேம் இட். சித்தப்பா அந்த ரெண்டையும் ஒரே கசற்றில அடிச்சது தற்செயல் இல்லை. ராஜாவும் ஒரு காலத்தில செஷன் கிற்றார்காரர் தான், 1976ல அன்னக்கிளி வர முந்தி சலில் சௌத்ரி மாதிரி ஆக்களின்ர இசைக்குக் கிற்றார் வாசிச்சவர், தன்ராஜ் மாஸ்டரிட்ட மேலைத்தேய இசை படிச்சவர். அந்த அல்பத்தைத் தியாகராஜருக்கும் ஜேர்மன் இசைமேதை பாஹ்குக்கும் எண்டு செய்தவர். அதில வாற வயலின் வி. எஸ். நரசிம்மன். சினிமாவில அவர் வயலின் கேட்டுத் தான் நாங்கள் வளந்தம், ஆனா பேரை நான் முதல் கண்டது சித்தப்பாவின்ர மட்டையில.

இளைய நிலா பொழிகிறதே பாட்டை எடுங்கோ. 1982 படம். எங்கட ஊரில கிற்றார் பழகிற எந்தப் பெடியனும் அதின்ர தொடக்கத்தை வாசிச்சுக் காட்டினாத் தான் மற்றவன் அவனைக் கிற்றார்காரன் எண்டு ஒத்துக்கொள்ளுவான், குருநகர்க் கோயில் பாடகர் குழுவில இருந்து கல்வியங்காட்டு ரியூசன் கொட்டில் வரைக்கும் அது தான் சோதினை. அந்தக் கிற்றாரை வாசிச்சவர் ஆர். சந்திரசேகர். நான் கிற்றார் படிப்பிக்கிற பிள்ளையளிட்ட அந்தப் பாட்டைத் துவங்க முதல் இந்தப் பேரைச் சொல்ல வைக்கிறனான். பாட்டு பிறகு, பேர் முதல்.

சரி, பெரிய பேருகளைக் கூப்பிட்டு வைச்சுச் செய்யிற அல்பங்களுக்கு வருவம். இப்ப இது ஒரு வழக்கமாப் போச்சு. செஷன் வாசிச்சு வாசிச்சு ஐம்பது வயசு வந்தாப் பிறகு, தெரிஞ்ச ஆக்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு உருப்படி குடுத்து ஒரு அல்பம். கார்ல்டனோட அதே காலத்தில அதே ஸ்ரூடியோக்களில வாசிச்ச லீ ரிட்டனவர் 2010ல சிக்ஸ் ஸ்ட்ரிங் தியரி எண்டு ஒண்டு விட்டவர். பி. பி. கிங், ஜோர்ஜ் பென்சன், ஜோன் ஸ்கோஃபீல்ட், ஸ்லாஷ், ஸ்டீவ் லூகத்தர் எண்டு ஒரு கலியாண வீட்டுக்கு ஊரெல்லாம் வந்த மாதிரிப் பேருகள். நான் ஆசையோட இருந்து கேட்டன், நல்ல இடங்கள் கன இருக்கு, பென்சன் வாற இடம் ரெண்டும் அருமை. ஆனா முழுசாக் கேட்டு முடிக்கேக்க ரிட்டனவர் எங்க எண்டு தேடவேண்டி இருந்தது. வந்தவைக்குப் பந்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சதில வீட்டுக்காரர் சாப்பிடேல்லை. அவரின்ர நல்ல மனசு அது, அதை நான் மதிக்கிறன், ஆனா எனக்கு அவரின்ர கையைத் தான் கேக்க வேணும் போல இருந்தது.

கார்ல்டனின்ர 1978 அல்பத்தில வந்தவை விருந்தாளி மாதிரி வரேல்லை, அது தான் வித்தியாசம். அவையும் இவரும் நாள் முழுக்க ஒரே ஸ்ரூடியோவில ஆருக்கோ வாசிச்சு அலுத்த ஆக்கள், ஒருத்தர் மூச்சு விடுறதை வைச்சே மற்றவருக்குத் தெரியும் அடுத்தது என்ன எண்டு. போர்காரோவுக்கு அப்ப இருபத்து நாலு வயசு வரும், அந்த வருசம் தான் அவர் இருந்த டோட்டோ எண்ட ரொக் குழுவின்ர முதல் அல்பமும் வந்தது. லபோரியல் மெக்சிகோவில இருந்து வந்தவர், கிற்றார் படிக்க வந்து பேஸுக்கு மாறினவர், அதால தானோ என்னவோ கிற்றாருக்கு எங்க இடம் விடவேணும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இருபது வருசம் கழிச்சுக் கார்ல்டனும் டோட்டோவின்ர கிற்றார்காரர் லூகத்தரும் ஜப்பான்ல ஒசாகாவில சேந்து வாசிச்சது ஒரு அல்பமா வந்து 2002ல கிராமி விருதும் எடுத்தது. அதிலயும் ரூம் 335 இருக்கு. லூகத்தர் கொஞ்சம் கத்துற கை, கார்ல்டன் கதைக்கிற கை. ரெண்டு பேரும் ஒராளை ஒராள் வெல்லப் பாக்கேல்லை, லூகத்தர் பெரிசா ஒண்டைச் சொல்லி முடிக்க இவர் சின்னதா ஒண்டைச் சொல்லித் திரும்பக் கீழ கொண்டருவார். இதில கிற்றார் ரெண்டு எண்டாலும் எனக்கு ஞாபகம் வாறது தவில் தான்.

எழுதவேண்டாம் எண்டு நினைச்ச ஒரு விசயம், ஆனா எழுதாமல் இருக்க ஏலாது. 1988ல கார்ல்டனை ஆரோ ஒருத்தன் அவரின்ர ஸ்ரூடியோ வாசலில வைச்சுச் சுட்டவன், ஒரு காரணமும் இல்லாமல். குண்டு தொண்டையில பட்டு குரல்நாண் சிதைஞ்சு, நரம்பும் பாதிக்கப்பட்டது. சித்தப்பாவுக்கு 1993ல ஷெல் பீஸ் பட்டது இடக்கையில. சின்ன விரல் மடங்காமப் போட்டுது, பக்கத்து விரல் பாதி. கோட் பிடிக்கிற கை. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை, மிச்ச ரெண்டு விரலாலயும் பெருவிரலாலயும் பிடிக்கக்கூடிய மாதிரி ஒவ்வொரு கோட்டையும் மாத்தி யோசிச்சு வைச்சிருந்தார். 1995 ஐப்பசிக் கடைசியில எல்லாரோடயும் நாங்களும் செம்மணி வெளியால சாவகச்சேரிக்குப் போகேக்க யமஹா வீட்டில விடுபட்டுப் போச்சு, திரும்பி வரேக்க இல்லை. கசற் மட்டும் பிஸ்கற் பெட்டியோட என்ர மடியில இருந்தது.

கார்ல்டன் சுடுபட்ட கதையை நான் தான் 2003ல இன்ரர்நெற் கபேயில பாத்திட்டு வந்து சித்தப்பாவுக்குச் சொன்னனான். போர்காரோ 1992 ஆவணியில, முப்பத்தெட்டு வயசில செத்துப் போனதையும் அண்டைக்குத் தான் சொன்னன். நாங்கள் முத்தத்தில டைனமோ சுத்திக் கொண்டிருந்த அதே மாதம். போர்காரோ எண்டோடன சித்தப்பா "ச்சா" எண்டார், வேற ஒண்டும் இல்லை. பேந்து கேட்டார்: "கார்ல்டன் சுடுபட்டாப் பிறகு வாசிச்சவரோ?"

"ஓம் சித்தப்பா, அடுத்த வருசமே அல்பம் விட்டவர்."

"அடுத்த வருசமோ?"

"1989ல."

கையைப் பாத்துக்கொண்டு இருந்தார். "அதை எடுக்கேலுமெண்டா எடு தம்பி" எண்டார். எடுக்க எனக்கு ரெண்டு வருசம் பிடிச்சது. எடுத்துக் குடுத்தன், கேட்டவர், நல்லாருக்கு எண்டு சொன்னவர், ஆனா பேந்தும் 1978ஐத் தான் போடச் சொல்லிக் கேப்பார்.

நான் இப்ப செய்யிற வேலையைப் பற்றியும் ஒரு சொல்லு. இஞ்ச இப்ப பாட்டு நிறைய வருது, நல்ல பெடியள், நல்ல குரல், கலியாணத்துக்கு, கோயிலுக்கு, சும்மா யூரியூபுக்கு எண்டு. நானும் வருசத்துக்கு நாப்பது ஐம்பது பாட்டுக்கு வாசிக்கிறன். சில வருசத்துக்கு முதல் ஒரு பாட்டுக்கு மூண்டு இரவு இருந்து வாசிச்சன், நைலோன் தந்திக் கிற்றார், முன்னுக்கு வாற தனி எல்லாம் என்ர யோசினை. பாட்டு வந்தது, லட்சக்கணக்கில பாத்தினம். கமெரா தூக்கினவற்ற பேர் இருந்தது, மேக்கப் போட்டவற்ற பேர் இருந்தது, வாத்தியம் வாசிச்ச ஒருத்தரின்ர பேரும் இல்லை, என்னோட வயலின் வாசிச்ச ரீச்சரின்ர பேரும் இல்லை. கேட்டதுக்கு மறந்து போச்சு எண்டிச்சினம். காசு குறையாமத் தந்தவை, அதை நான் சொல்லத்தான் வேணும். ஆனா எனக்குச் சரியான மனவருத்தம், இண்டைக்கும் இருக்கு.

சித்தப்பா 2018ல காலமானார். எட்டுச் செலவு முடிஞ்சாப் பிறகு அவரின்ர பிஸ்கற் பெட்டியைத் திறந்தன். ரேப் ஒண்டோடொண்டு ஒட்டிப் போச்சு, இனி ஓடாது. மட்டை இருக்கு. நீல மை கொஞ்சம் வெளிறிப் போச்சு, ஆனா வாசிக்கலாம், கிற்றார், ட்ரம்ஸ், பேஸ், கீபோட், பெர்கஷன். அதுக்குக் கீழ வேற பேனையால, கறுப்பு மையில, கொஞ்சம் கோணல் எழுத்தில, கை காயப்பட்டாப் பிறகு மட்டையை மற்றக் கையால பிடிக்க ஏலாம எழுதினதாத்தான் இருக்கவேணும், இன்னொரு வரி. டைனமோ எண்டு போட்டு, வீட்டில என்னைக் கூப்பிடுற பேர்.

போன வருசம் துவங்கினன். ஆறு உருப்படி, பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். பெரிய பேருகள் எண்டு சொன்னா எங்கட ஊருக்குப் பெரிய பேர் தான்: இணுவில்ல இருந்து ஒரு தவில்காரர், அவரின்ர பேருக்குச் சனம் வரும், குருநகர்க் கோயிலில ஓர்கன் வாசிக்கிற ஒரு அண்ணை, அந்த வயலின் ரீச்சர். தவில்காரர் முதல் நாள் வந்து கதிரையில இருந்து ரீ குடிச்சுக்கொண்டு கேட்டார், "தம்பி, எனக்குத் தனி எவ்வளவு நேரம்?" நான் சொன்னன், "அண்ணை, முதல்ல கிற்றாரைக் கேளுங்கோ, எங்க அடிக்கவேணும் போல இருக்கோ அங்க அடியுங்கோ." அவர் முதல் உருப்படியை ரெண்டு தரம் கேட்டார், தவிலில கையை வைச்சுக்கொண்டு. மூண்டாம் தரம் நடுப்பகுதி வரைக்கும் ஒண்டும் அடிக்கேல்லை, கிற்றார் ஒரு இடத்தில நிண்டு மூச்சு எடுக்க, அந்த இடைவெளியில ஒரே ஒரு தட்டு, வலக்கை விரலில மாட்டின கூட்டால இல்லை, இடப்பக்கம் கம்பால, அமத்தி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பதிவைத் தான் வைச்சிருக்கிறன், திருப்பி எடுக்கேல்லை.

பேருகளை எழுதி வைச்சாச்சு. அவரின்ர பேருக்கு முன்னால விசேஷ தவில் எண்டு போடட்டோ எண்டு கேட்டன், தவில் எண்டு மட்டும் போடச் சொன்னார். அஞ்சு உருப்படி முடிஞ்சுது. ஆறாவதுக்கு வயலின் ரீச்சர் சனிக்கிழமை பின்னேரம் வாறா, பள்ளிக்கூடப் பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிச்சிட்டு வாறன் எண்டவ. கறண்ட் வெட்டு இல்லாட்டி அண்டைக்கே முடிஞ்சிடும்.